அடித்தட்டைத் திருப்பிப் பாருங்கள்

ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார் ஒன்றை முழுக்க முழுக்கப் போலியாகச் செய்வதில் யாருக்கும் லாபம் கிடையாது. எஃகில் அச்சு வெட்ட வேண்டும். துத்தநாகக் கலவையை உருக்கி அழுத்தத்தில் அதற்குள் செலுத்த வேண்டும். ஜன்னலுக்கும் சீட்டுக்கும் தனித்தனி பிளாஸ்டிக் அச்சு வேண்டும். இவ்வளவும் முடிந்து கையில் வருவது, கடையில் இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கிற ஒரு சாதாரணக் கார். ஏமாற்ற நினைக்கிறவன் அந்தப் பாட்டைப் படுவதில்லை. கடைக்குப் போய் அசல் காரையே வாங்கிவிடுகிறான்.

சின்னக் கார்கள் சேர்க்கிற எங்களிடம் வந்து சேரும் மோசமான போலிகள் எல்லாம் இப்படிப் பிறந்தவைதான். உடல் அசல். அடித்தட்டு அசல். டயர் வேறொரு அசல் காரிலிருந்து கழற்றியது. ஒவ்வொரு பாகத்தையும் தனியாக எடுத்து விசாரித்தால், ஹாட் வீல்ஸைச் செய்கிற மேட்டல் கம்பெனியில் பிறந்தேன் என்று உண்மையைத்தான் சொல்லும். அவை ஒன்றாகச் சேர்ந்து நிற்கும்போதுதான் பொய் சொல்கின்றன.

அதனால்தான், புதிதாகச் சேர்க்க ஆரம்பிக்கிறவர்கள் "இது ஒரிஜினலா?" என்று கேட்டால் நான் கேள்வியையே மாற்றச் சொல்வேன். இந்தப் பாகங்கள் எல்லாம் தொழிற்சாலையை விட்டு ஒன்றாகவே வந்தனவா? நடுவில் யாராவது இந்தக் காரைப் பிரித்திருக்கிறார்களா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் கார் தன் உடம்பிலேயே பதில் வைத்திருக்கிறது. எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

எல்லாப் பொம்மைக்கும் இது பொருந்தாது. லெகோவின் கதை வேறு. ஒரு பெரிய லெகோ செட்டின் விலை ஐந்திலக்கத்துக்குப் போவதால் அங்கே அச்சு வெட்டிப் போலி செய்தாலும் கட்டுப்படியாகிறது. சீனாவில் 'லெபின்' என்ற பெயரில் அதைத்தான் செய்தார்கள். 2019 ஏப்ரலில் ஷாங்காய் போலீசார் அவர்களுடைய தொழிற்சாலைக்குள் நுழைந்தபோது ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட செட்டுகள் பிடிபட்டன. அடுத்த ஆண்டு முக்கியக் குற்றவாளிக்கு ஆறு வருடச் சிறை. லெகோவில் ஒவ்வொரு குமிழின் தலையிலும் கம்பெனிப் பெயர் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். இப்போது பைகளில் தொங்குகிற லபுபு பொம்மையிலும் முழுப் போலிகள்தான் சந்தையை நிறைத்திருக்கின்றன. பல்லை எண்ணுங்கள், ஒன்பது இருக்க வேண்டும் என்று சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள். ஆனால் இதையெல்லாம் போலி செய்கிறவனும் படிக்கிறான், அடுத்த முறை ஒன்பது பல்லோடு வருகிறான். டை-காஸ்ட் கார்களில், அதாவது உருக்கிய உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்யும் இந்தக் கார்களில், அப்படி ஒரே ஒரு அடையாளத்தை நம்பி இருக்க முடியாது.

எதற்காக ஒரு சின்னக் காரைப் பிரித்துப் பெயின்ட் அடித்து ஏமாற்ற வேண்டும்? அதற்குக் கொஞ்சம் வரலாறு தெரிய வேண்டும்.

1968-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மேட்டல் கம்பெனி ஹாட் வீல்ஸைத் தொடங்கியபோது முதல் வரிசையில் வந்தவை 16 கார்கள். அப்போதைய பெயின்டுக்கு 'ஸ்பெக்ட்ராஃபிளேம்' என்று பெயர். சாதாரணப் பெயின்ட் உலோகத்தை மூடிவிடும். இது மூடாது. உடலை முதலில் பளபளவென்று மினுக்கிவிட்டு, அதன் மேல் நிறமேற்றிய தெளிவான பூச்சை அடித்தார்கள். வெளிச்சம் பூச்சுக்குள் புகுந்து உலோகத்தில் பட்டுத் திரும்பி வரும். அந்த ஆழம்தான் அந்தக் காரின் அழகு. 1977 வரை சக்கரத்தில் ஒரு சிவப்புக் கோடும் இருந்தது. அந்தக் காலத்துக் கார்களை இன்றும் 'ரெட்லைன்' என்றுதான் சொல்கிறோம். 1983-ல் ரப்பர் டயர் போட்ட 'ரியல் ரைடர்ஸ்' வந்தது.

1995-ல் 'ட்ரெஷர் ஹன்ட்' என்று ஒரு வரிசையை ஆரம்பித்தார்கள். 12 கார்கள், ஒவ்வொன்றிலும் 10,000 மட்டும். சாதாரணக் கார்களோடு கலந்து, அதே கொக்கியில், அதே விலைக்கு வைத்தார்கள். 2007-லிருந்து அதுவே இரண்டாகப் பிரிந்தது. ஒன்று சாதாரண ட்ரெஷர் ஹன்ட். இன்னொன்று ஸ்பெக்ட்ராஃபிளேம் பெயின்டும் ரப்பர் டயரும் போட்டது. பின்னாளில் அதற்கு 'சூப்பர்' என்றே பெயராகிவிட்டது. சூப்பர் ட்ரெஷர் ஹன்ட் என்பதைச் சுருக்கி நம் ஊர் ஆட்கள் எஸ்.டி.எச். என்பார்கள். கடையில் அதிர்ஷ்டம் இருந்தால் மற்றக் காரின் விலைக்கே கிடைக்கும். வெளியே வந்த மறுநிமிடம் அதன் விலை பல மடங்கு.

இங்கேதான் ஏமாற்றுக்காரனுக்கு வழி பிறக்கிறது. சூப்பரும் அதே காரின் சாதாரண வடிவமும் ஒரே அச்சில் வார்க்கப்படுகின்றன. வித்தியாசம் பெயின்டிலும் டயரிலும் மேலே அச்சாகியிருக்கும் சின்ன முத்திரையிலும்தான். சாதாரணக் காரை வாங்கி, பிரித்து, பெயின்டை உரித்து, புதுப் பூச்சு அடித்து, ரப்பர் டயர் மாட்டி, முத்திரை ஒட்டிவிட்டால் மேலோட்டமான கண்ணுக்கு அது சூப்பர்.

சமீபத்தில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பு ஒன்றுக்குக் கல்லூரி படிக்கிற பையன் ஒருவன் வந்தான். கையில் ஒரு ஜப்பானியக் கார், அடர்ந்த நீலம்.

"அண்ணா, 2018 சூப்பர். லூஸ்தான், பாக்கெட் இல்ல, ஆனா புதுசு மாதிரி மின்ட் கண்டிஷன். ஐயாயிரம் சொல்றாங்க. பார்த்துட்டுத் தரேன்னு வாங்கிட்டு வந்திருக்கேன்."

"முதல்ல திருப்பு தம்பி."

"அடியிலயா? பெயின்ட் பாருங்கண்ணா, எப்படி மின்னுது!"

"பெயின்ட் எங்கயும் ஓடிடாது. அடியைப் பார்ப்போம்."

அடித்தட்டில் பெரும்பாலும் முன்னும் பின்னும் ஒவ்வொரு ரிவெட் இருக்கும். ரிவெட் என்பது தனி ஆணி இல்லை. காரின் உடலோடு சேர்த்தே வார்த்த ஒரு சின்னத் தூண். அது அடித்தட்டின் ஓட்டை வழியாக வெளியே வரும், மெஷின் அதன் தலையை அழுத்தி விரிக்கும். விரிந்த தலை வட்டமாக, வழவழப்பாக, அடித்தட்டோடு இடைவெளி இல்லாமல் உட்கார்ந்திருக்கும். ஒருமுறை இந்தத் தலையை டிரில் போட்டு எடுக்காமல் காரைப் பிரிக்கவே முடியாது. எடுத்துவிட்டால் அதைத் திரும்ப வளர்க்கவும் முடியாது. கஸ்டம் செய்கிறவர்கள், அதாவது காரைத் தங்கள் விருப்பத்துக்கு மாற்றி அமைக்கிறவர்கள், தூணுக்குள் மரை வெட்டித் திருகாணி போடுவார்கள், அது நேர்மையான வேலை. ஏமாற்றுகிறவன் எபாக்ஸிப் பசையில் ஒரு தலையை உருட்டி வைத்து வெள்ளிப் பெயின்ட் பூசுவான்.

பையன் கொண்டுவந்த காரில் அதுதான் இருந்தது. நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸை நான் எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பேன். அதில் பார்த்ததும் ரிவெட் தலையில் தூரிகை போன தடம் வரி வரியாகத் தெரிந்தது. சுற்றிலும் கறுப்பு பிளாஸ்டிக்கில் டிரில் முனை வழுக்கி வட்டமாகக் கீறிய கோடு. ஒரு குண்டூசியால் தலையை மெல்ல அழுத்தினேன். உலோகம் என்றால் ஊசி வழுக்கும். இங்கே குத்தி நின்றது.

அதற்கு மேல் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் பையன் கற்றுக்கொள்ளட்டும் என்று அடித்தட்டின் குறியீட்டைக் காட்டினேன். 2008 முதல் ஹாட் வீல்ஸ் கார்களின் அடியில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கங்களும் இருக்கும். எழுத்து வருடம், எண் அந்த வருடத்தின் எத்தனையாவது வாரம் என்பது. 2008-க்கு ஏ, அடுத்த வருடம் பி என்று போகும். ஐ, ஓ இரண்டையும் விட்டுவிடுவார்கள், 1, 0 என்று குழப்பும் என்பதால். அந்தக் கணக்கில் 2018 என்றால் எல். ஒரு வருடத்துக் கார்கள் அதற்கு முந்தைய வருடத்தின் பின்பாதியிலேயே தயாராக ஆரம்பித்துவிடும், ஆகவே 2018 காரில் கே இருந்தாலும் தப்பில்லை. இந்தக் காரில் இருந்தது பி-14. இங்கே பி என்பது ஏ, பி என்று வருகிற இரண்டாவது எழுத்து அல்ல, ஓ-வைத் தாண்டி வருகிற பி. அதாவது 2021-ன் பதினான்காவது வாரம். 2018-ல் கடைக்கு வந்ததாகச் சொல்லும் காருக்கு அடித்தட்டு மூன்று வருடம் கழித்துப் பிறந்திருக்கிறது.

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவனே லென்ஸைக் கேட்டு வாங்கிப் பார்க்க ஆரம்பித்தான். அதில்தான் எனக்கு அன்றைய சந்தோஷம்.

பக்கவாட்டில் இருந்த முத்திரையை அவன்தான் கண்டுபிடித்தான். அசல் காரில் எழுத்தும் படமும் 'டாம்போ' முறையில் அச்சாகும். மெல்லிய சிலிக்கான் திண்டு ஒன்று மையை எடுத்துக் காரின் மேல் ஒற்றும். மை நேராகப் பெயின்டின் மேலேயே உட்காரும், ஓரம் வெட்டினாற்போல் இருக்கும், வளைவில் சுருங்காது. போலியில் டீகால் ஒட்டுவார்கள். தண்ணீரில் ஊறவைத்து நழுவவிடும் மெல்லிய படலம். காரைச் சாய்த்து வெளிச்சம் வழுக்கி ஓடும்படி பிடித்தால், எழுத்தைத் தாண்டி வெளியே அந்தப் படலத்தின் விளிம்பு, ஆறிய பாலில் ஆடை படிந்தது போலத் தனியாகத் தெரியும். வீட்டுப் பிரின்டரில் எடுத்ததாக இருந்தால் நிறம் முழுதாக இருக்காது, லென்ஸில் புள்ளி புள்ளியாகப் பிரிந்து தெரியும்.

சக்கர வளைவுக்குள்ளே, மூலையில், கொஞ்சம் ஆரஞ்சு. உரித்த பழைய பெயின்ட் அங்கே தப்பிப் பிழைத்திருந்தது. பெயின்ட் உரிக்கும் திரவத்தில் எவ்வளவு ஊறவைத்துத் தேய்த்தாலும் உள்மூலைகளுக்கு பிரஷ் எட்டுவதில்லை. நான் முதலில் ரிவெட், இரண்டாவது குறியீடு, மூன்றாவது இந்த மூலை என்ற வரிசையில்தான் பார்ப்பேன். பெயின்டின் மினுமினுப்பைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். ஏமாற்றுகிறவன் தன் உழைப்பை எல்லாம் கொட்டுகிற இடம் அது. நம் கண் முதலில் போகிற இடமும் அதுவே.

நேரில் பார்க்க முடியாமல் ஆன்லைனில் வாங்குகிறவர்கள் என்ன செய்வது என்று கேட்பார்கள். அடித்தட்டை நேராக எடுத்த படம், ஒவ்வொரு ரிவெட்டும் தனியாக ஒரு படம், அச்சுக்கம்பி சக்கரத்துக்குள் போகும் இடம், பகல் வெளிச்சத்தில் காரைச் சாய்த்து எடுத்த வீடியோ, பக்கத்தில் அன்றைய தேதி எழுதிய சீட்டு. இவ்வளவையும் கேளுங்கள். நல்ல விற்பனையாளர் கோபப்பட மாட்டார். 'வேணும்னா வாங்குங்க, இல்லன்னா ஆள் நிக்கிறாங்க' என்று பதில் வந்தால் அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். அந்தக் கார் இன்னொரு நாள் இன்னொருவரிடம் கட்டாயம் வரும்.

பிரிக்காத பாக்கெட் என்றால் பயமில்லை என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது ஆபத்தான நம்பிக்கை. கார்டும் அதன் மேல் இருக்கும் பிளாஸ்டிக் குமிழும், அதாவது ப்ளிஸ்டரும், சூட்டில் ஒட்டப்படுபவை. சூடு காட்டினால் பிரியும். உள்ளே இருந்த காரை மாற்றிவிட்டு மறுபடி ஒட்டலாம். நீளக் கார்டில் வரும் இப்போதைய சூப்பர்களுக்கு, காருக்குப் பின்னால் மறைந்திருக்கும்படி கார்டிலேயே பொன்னிற முத்திரை ஒன்று அச்சாகியிருக்கும். சாதாரண ட்ரெஷர் ஹன்ட்டுக்கு அதே இடத்தில் வெள்ளிச் சாம்பல் நிறம். கார்டைச் சாய்த்துக் காருக்கும் கார்டுக்கும் நடுவே எட்டிப் பார்த்தால் தெரியும். அப்புறம் ப்ளிஸ்டரின் ஓரத்தை ஒரு சுற்றுப் பாருங்கள். தொழிற்சாலையில் ஒட்டியது ஒரே சீராகப் படிந்திருக்கும். மறுபடி ஒட்டியதில் அட்டையின் நார் வெள்ளையாக எழும்பியிருக்கும், பசை சில இடங்களில் மினுங்கும், சில இடங்களில் காற்றுக் குமிழ் நிற்கும், ஓரம் அலையாக நெளியும். அட்டை புதிதாகவும் பிளாஸ்டிக் மஞ்சள் படிந்தும் இருந்தால் இரண்டும் ஒன்றாக வளர்ந்தவை இல்லை.

இதில் இன்னொரு வகை உண்டு, எரர் கார். தொழிற்சாலைத் தவறால் ஒரு சக்கரம் மாறிப்போனது, கார் தலைகீழாகப் பாக்கெட்டுக்குள் போனது, எழுத்தும் படமும் அச்சாகாமல் விட்டுப்போனது. இவற்றுக்கும் விலை உண்டு. ப்ளிஸ்டரைச் சூடு காட்டித் திறந்து காரைத் திருப்பி வைத்துவிட்டால் 'எரர்' தயார். என்னைக் கேட்டால், ப்ளிஸ்டர் ஓரம் நூறு சதவீதம் சுத்தமாக இல்லாத எரர் காரைத் தொடவே கூடாது.

பழைய ரெட்லைன் கார்களுக்குப் போனால் சிக்கல் கூடுகிறது. அவற்றைப் புதுப்பிக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். சிவப்புக் கோடு போட்ட புதுச் சக்கரமும், ஸ்பெக்ட்ராஃபிளேம் மாதிரியே நிறம் தரும் பெயின்டும் வெளிப்படையாக விற்பனைக்குக் கிடைக்கின்றன. புதுப்பித்ததைப் புதுப்பித்தது என்று சொல்லி விற்றால் அதில் குற்றம் ஒன்றும் இல்லை. சொல்லாமல் விடும்போதுதான் கண்ணை நம்ப வேண்டியிருக்கிறது. ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட ஸ்பெக்ட்ராஃபிளேம் பூச்சின் அடியில் உலோகம் மெல்லக் கறுக்கும். கூரையிலும் பானட்டிலும் மங்கலான திட்டுகள் விழும். இதை 'டோனிங்' என்பார்கள். அந்தத் திட்டு பெயின்டுக்கு அடியில் இருக்கும், மேலே துடைத்தால் போகாது. ஒரு 1969 கார் நேற்று அடித்த மாதிரி ஒரே சீராக மின்னினால் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும். அப்படிப் பிழைத்த கார்களும் உண்டு, ஆனால் அப்போது ரிவெட் சாட்சி சொல்ல வேண்டும்.

சில கார்களுக்கு ரிவெட்டும் போதாது. 1969-ன் ஃபோக்ஸ்வாகன் 'பீச் பாம்' வேனைச் சொல்லலாம். முதலில் செய்த மாதிரியில் அலைச்சறுக்குப் பலகைகள் பின் ஜன்னல் வழியாக உள்ளே போயிருக்கும். வேன் ரொம்ப ஒடுக்கமாக இருந்ததால், சுழலும் உருளைகளை வைத்துக் காரைத் தள்ளிவிடும் 'சூப்பர்சார்ஜர்' என்ற கருவிக்குள் அது சரியாக ஓடவில்லை. உடனே இருபுறமும் அகலப்படுத்தி, பலகைகளைப் பக்கவாட்டில் வைத்து விற்பனைக்கு விட்டார்கள். பின் ஜன்னல் மாதிரி கடைக்கு வரவே இல்லை. மேட்டலில் வேலை பார்த்தவர்கள் கையோடு வெளியே வந்த சிலதான் இன்று இருக்கின்றன, ஹாட் வீல்ஸ் உலகத்திலேயே மிக விலை உயர்ந்தவை அவை. அப்படிப்பட்ட ஒன்றுக்கு, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற பட்டியல்தான் உயிர். நிலம் வாங்கும்போது மூலப்பத்திரம் கேட்கிற ஊர் நம்முடையது. இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னும் பின்னே போனால் டிங்கி. இங்கிலாந்தின் லிவர்பூலில் மெக்கானோ கம்பெனி 1934-லிருந்து இந்தப் பெயரில் கார்களை வார்த்தது, 1979-ல் தொழிற்சாலையை மூடினார்கள். டிங்கி சேர்ப்பவர்களுக்குக் காரைவிடப் பெட்டியால்தான் தலைவலி. நல்ல பெட்டி இருந்தால் விலை ஏறிவிடுகிறது, அதனால் மறுபதிப்புப் பெட்டிகள் நிறையச் செய்கிறார்கள். அட்டையின் உள்பக்கம் வெள்ளை வெளேர் என்றிருந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு சின்ன புற ஊதா டார்ச்சும் உதவும். காகிதத்தை வெளுப்பாகக் காட்டச் சேர்க்கும் ஒளிர்விப்பான் ரசாயனம் 1950-களுக்குப் பிறகுதான் பரவலாக வந்தது. போருக்கு முந்தையது என்று சொல்லும் ஓர் அட்டை அந்த வெளிச்சத்தில் நீலமாக ஒளிர்ந்தால் விஷயம் முடிந்தது. ஒளிராவிட்டால் அசல் என்று அர்த்தமில்லை, அடுத்த சோதனைக்குப் போகலாம் என்றுதான் அர்த்தம். இன்னொன்று, போருக்கு முந்தைய டிங்கிகளில் உலோகமே வியாதிப்படும். கலவையில் ஈயம் போன்ற கசடு கலந்துவிட்டால் பல வருடம் கழித்து உடல் வீங்கி விரிசல் விடும். அந்த விரிசலைப் பார்த்து மட்டமான சரக்கு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. ஒருவகையில் அது வயதுக்கான சாட்சி.

இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த, ஆனால் பலர் போலி என்று ஒதுக்கிய ஒரு வரிசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிக்கி டாய்ஸ்.

1960-களின் பிற்பகுதியில் மெக்கானோ தன் பழைய டிங்கி அச்சுகள் சிலவற்றைக் கல்கத்தாவில் இருந்த எஸ். குமார் அண்ட் கம்பெனிக்குக் கொடுத்தது. இங்கிலாந்துக் குழந்தைகளுக்காகக் கார்களை வார்த்த அதே எஃகு அச்சு இந்தியாவில் வார்க்க ஆரம்பித்தது. அடித்தட்டில் டிங்கி என்ற பெயரை எடுத்துவிட்டு நிக்கி என்று போட்டார்கள். பெயின்ட் கொஞ்சம் தடிப்பாக இருக்கும், ஓரங்கள் அவ்வளவு கூர்மையாக இருக்காது. இதை வைத்துத்தான் 'டிங்கி காப்பி' என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். காப்பி என்றால் அசலைப் பார்த்து வேறொரு அச்சு வெட்டியிருக்க வேண்டும். இங்கே அச்சே அசல்.

அதிலும் ஒரு கார் நம் ஊருக்கு நெருக்கமானது. டிங்கியில் 'ட்ரையம்ப் விட்டெஸ்' என்று வந்த காரை நிக்கி 'ஸ்டாண்டர்ட் ஹெரால்டு' என்று பெயர் மாற்றி விற்றது. காரணம், சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1961 முதல் நிஜ ஹெரால்டு கார்களைச் செய்துகொண்டிருந்தது. இந்தியக் குழந்தைக்கு விட்டெஸ் யாரென்று தெரியாது, ஹெரால்டு தெருவில் ஓடியது. லிவர்பூல் அச்சு, கல்கத்தா வார்ப்பு, பெயர் மதராஸில் ஓடிய காருடையது. இதைப் போலி என்று எப்படிச் சொல்வது? எனக்கு இது முழு அசல். இதில் எல்லாப் பாகமும் ஒன்றாகவே பிறந்தவை, தன் பெயரை அடியில் தானே எழுதிக்கொண்டு வந்தவை.

நிக்கியிலும் போலி செய்யலாம், செய்தால் எப்படி இருக்கும் என்பதுதான் என் வாதத்துக்குச் சரியான உதாரணம். உடைந்த டிங்கி ஒன்றின் அடித்தட்டைக் கழற்றி நிக்கி உடலுக்கு மாட்டி, மறுபடி பெயின்ட் அடித்தால் அது 'டிங்கி' ஆகிவிடும். இரண்டு பாகமும் ஒரே அச்சுக் குடும்பம், பொருத்தமாக உட்காரும். இரண்டுமே அசல். சேர்க்கைதான் பொய். எண்பதுகளில் லியோ மேட்டல் மூலமாக இந்தியாவிலேயே செய்யப்பட்ட ஹாட் வீல்ஸ் கார்களுக்கும் இதே ஆபத்து உண்டு. அவற்றுக்கு இப்போது வெளிநாட்டில் நல்ல மதிப்பு. அடியில் இந்தியா என்ற சொல்தான் அந்த மதிப்புக்குக் காரணம் என்பதால், அடித்தட்டு எந்த உடலோடு வந்தது என்று ரிவெட்டைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

இவ்வளவு சொல்லிவிட்டு கஸ்டம் செய்கிறவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அநியாயம். டை-காஸ்ட் உலகத்தில் ஒரு பழைய வகைப்பாடு உண்டு. தயாரித்த கம்பெனியே எல்லாம் செய்து விட்டது கோட் 1. கம்பெனியின் அனுமதியோடு வேறொருவர் மாற்றியது கோட் 2. தனியாள் தன் விருப்பத்துக்கு மாற்றியது கோட் 3. சென்னையிலும் கோவையிலும் கோட் 3 வேலையில் அபாரமான கைகள் இருக்கின்றன. ஒரு விரல் நீளக் காரில் துருப்பிடித்த மாதிரி பெயின்ட் அடிப்பார்கள், தண்ணீர் லாரி செய்வார்கள், நம் ஊர்ப் பஸ் செய்வார்கள். அந்தக் கார்களை நான் மனதார மதிக்கிறேன், காசு கொடுத்து வாங்கியும் வைத்திருக்கிறேன்.

ஆனால் போலிகள் பெரும்பாலும் அவர்கள் மேசையிலிருந்துதான் புறப்படுகின்றன, அவர்களுக்கே தெரியாமல். ஒருவர் ஆசைக்காகச் சாதாரணக் கார் ஒன்றை சூப்பர் மாதிரியே மாற்றுகிறார். நண்பருக்கு விற்கும்போது கஸ்டம் என்று சொல்லித்தான் விற்கிறார். நண்பர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும்போது பெட்டியோடு மொத்தமாகக் கொடுத்துவிடுகிறார், அப்போது எது கஸ்டம் எது கடைச் சரக்கு என்று தனித்தனியாகச் சொல்ல நேரமில்லை. மூன்றாவது ஆள் உண்மையாகவே சூப்பர் என்று நம்பி விற்கிறார். பையன் கொண்டுவந்த நீலக் காரும் இப்படி வந்ததாக இருக்கலாம். எபாக்ஸித் தலையைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை, ஆனாலும் அவனுக்கு விற்க வந்தவர் பொய் சொன்னார் என்று என்னால் சொல்ல முடியாது. கை மாறும்போது பொருள் மட்டும் போகிறது, அதைப் பற்றிய பேச்சு பின்னாலேயே நின்றுவிடுகிறது.

ஆகவே கஸ்டம் செய்யும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். வேலை முடிந்ததும் அடித்தட்டின் வெளிப்பக்கம், ரிவெட்டுக்குப் பக்கத்தில், எழுத்து வெட்டும் கருவியால் கோட் 3 என்பதன் சுருக்கத்தையும் வருடத்தையும் உங்கள் பெயரின் முதல் எழுத்தையும் பொறித்துவிடுங்கள். மார்க்கர் பேனா வேண்டாம், தின்னர் தொட்ட பஞ்சால் ஒரே துடைப்பில் போய்விடும். உள்பக்கமும் வேண்டாம், அங்கே பொறித்தால் காரைப் பிரிக்கிறவர் கண்ணில் மட்டும்தான் படும். திருகாணி போட்டிருந்தால் அதை மறைக்காதீர்கள், அப்படியே தெரியட்டும். உங்கள் காரின் அழகு இதனால் குறைந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். எழுத்து ஒரு மில்லிமீட்டர் உயரம் இருந்தால் போதும். அலமாரியில் நிற்கும்போது யாருக்கும் தெரியாது, லென்ஸ் வைத்துத் திருப்பிப் பார்க்கிறவர்களுக்குத் தப்பாமல் தெரியும்.